நாவலூரில் இருந்து கிரீன்லாந்தை எடை போட்டபோது

ஐஸை நேரில் பார்க்காமலே எடை போடுவது எங்கள் தொழில். தராசையும் நான் பார்த்ததில்லை. சீனியர்கள் சொல்லிக் கேட்டதுதான். இரண்டு செயற்கைக்கோள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றனவாம். கீழே பனி கனமாக இருந்தால் முன்னது இழுபட்டுச் சற்று முந்துமாம். அந்த மயிரிழை இடைவெளியை நாவலூர் அலுவலகத்தில் நாங்கள் எண்ணாக்குகிறோம். முதல் வேலையில் பயந்து பயந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு மீதி புரியும்.

ஷேர் ஆட்டோ

பம்மலில் ஏறியதும் டிரைவர் அண்ணா என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். சொல்லும்போதே என் கண்முன் வெள்ளையாக ஒரு நிலம் மிதந்து வந்தது. அவர் ஹாரனை அடித்துவிட்டுச் சொன்னார்: "கரைஞ்சிகினு கீறத எடை போடுறியா? சீக்கிரம் போடு தம்பி!"

நீலத் திட்டு

எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் வேலையை உறுதி செய்வார்கள். எனக்கு அது ஆறாவது மாதம். பனியின் எடையை வைத்து நான் முதல்முறையாகப் போட்ட கடல்மட்ட வரைபடத்தில் கிரீன்லாந்தைச் சுற்றி நீலமாக இருந்தது. நீலம் என்றால் கடல் இறங்குகிறது. பனி கரையும் இடத்தில் கடல் எப்படி இறங்கும்? கணக்கில் மைனஸ் தப்பாக விழுந்திருக்கிறது என்று பிளஸ் ஆக்கினேன். நீலம் சிவந்தது. வரைபடத்தைக் கேட்டவர்களுக்கு அனுப்பியும்விட்டேன். பக்கத்து சீட் பிரகாஷ் தட்டிக்கொடுத்தான்: "ஐஸ் கரைஞ்சா தண்ணி ஏறும். இதுக்கு டிகிரியே வேணாம், மச்சான்."

மேடம் அறை

மறுநாள் மனசு கேட்காமல் பழைய வரைபடங்களைத் திறந்தேன். ஒவ்வொரு மாதமும் அதே இடத்தில் அதே நீலம், தூங்குகிற குளம் மாதிரி. இத்தனை மாதமும் எல்லோரும் தப்பு செய்திருக்க முடியாது. தப்பு செய்தவன் நான். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே டீம் லீடர் மேடம் அறைக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் திட்டவில்லை. சரியான வரைபடத்தை அனுப்பிவிட்டு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, அவ்வளவு பெரிய பனி தன் கனத்தால் கடலையே தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது என்றார். கரையக் கரையப் பிடி தளர்கிறது, அங்கே தண்ணீர் இறங்கித் தூரத்துக் கரைகளுக்குப் போகிறது. ஒரு நிமிடம் உலகத்துக் கடலெல்லாம் மெல்லச் சாய்வதைப் பார்த்தேன். நான் கதவருகே போனதும் கூப்பிட்டுச் சொன்னார்: "ஒரு மைனஸ் பிடிக்கலைன்னா மாத்தாதப்பா. முதல்ல வந்து கேளு."

வேலை உறுதியான பிறகு புத்தகத்தில் சரிபார்த்தேன்: மேடம் சொன்னது உண்மை, கிரீன்லாந்துப் பனியால் நம் கரையில் கடல் உலகச் சராசரியைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஏறுகிறது, அந்தப் பிளஸை மைனஸ் ஆக்க என்னிடம் ஒரு வழியும் இல்லை.