பதினாலாம் நம்பர் கல்

எங்கள் கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்தும் எல்லோரும் 'சுத்தியல்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடும் மேடத்திடம் ஆய்வக உதவியாளனாகப் பதினேழு வருடமாய்க் குப்பை கொட்டுகிறேன். எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராது. டீ சூடாக இருக்கிறதா என்றால், நீயே தொட்டுப் பார் என்பார். மாணவர்களிடமும் அதே கதைதான். கல்லைக் கையில் கொடுத்து, கீறிப் பார், ஆசிட் விட்டுப் பார், பிறகு பேசு என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்துவார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். எந்த நம்பர் ஒட்டியது எந்தக் கல் என்று சீனியர் கொடுத்த பட்டியலை அதுகள் நம்பர் வாரியாக மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்கும்.

இந்த வருடச் செய்முறைத் தேர்வில் ஒரு பெண் ஒரே ஒரு மதிப்பெண்ணில் தோற்றுப்போனாள். பதினாலாம் நம்பர் கல்லைப் பளிங்கு என்று எழுதாமல், அதே மாதிரி வெள்ளையாக இருக்கும் குவார்ட்சைட் என்று எழுதியிருந்தாள். மறுநாள் துறைக்கே வந்துவிட்டாள். அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தேறாவிட்டால் கைவிட்டுப் போகும். மூன்று வருடம் படித்தும் பளிங்கு தெரியவில்லையா என்று மேடம் எரிந்து விழுந்தார்.

"நீங்க சொன்ன மாதிரிதான் மேடம் செஞ்சேன். ஆசிட் விட்டேன், நுரைக்கல. கத்தியால கீறினேன், கோடு விழல. நீங்களே ஒரு தடவை பாருங்க."

மேடம் பார்த்தார். பளிங்கு என்றால் ஒரு சொட்டுக்கே பொங்கும். இது சும்மா கிடந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தபோது கற்களையெல்லாம் கழுவி, பழைய நம்பர்களையே புதுச் சீட்டில் எழுதி ஒட்டியவன் நான்தான். வெளுத்ததெல்லாம் பால் என்று, இரண்டு வெள்ளைக் கல்லுக்கும் நம்பரை மாற்றி ஒட்டித் தொலைத்திருக்கிறேன். மறைக்க வழியில்லை, சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நின்றேன். அவர் விடைத்தாள் கட்டை எடுக்கச் சொன்னார். அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணைத் திருத்திக் கையெழுத்துப் போட்டு, தேறிவிட்டாய், போ என்று அனுப்பினார். பிறகு மற்ற முப்பத்தொரு தாளையும் புரட்டினார். அத்தனை பேரும் பளிங்கு என்றே எழுதியிருந்தார்கள்.

"எத்தனை தடவை சொன்னாலும் இதுங்க கல்லைப் பாக்கவே மாட்டேங்குதுங்க மேடம்," என்றேன், என் தப்பிலிருந்து பேச்சை நகர்த்த.

"நான் மட்டும் பாத்தேனா? மூணு வருஷமா நானும் நம்பரைப் பாத்துதானே மார்க் போட்டேன்," என்றார்.