போன் திருத்தும் மேசைக்கு முன்னால் நின்றவர்கள்

பல் வைத்தியரிடமும் போன் திருத்துகிறவளிடமும் யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வரும்போது அழாத குறை, போகும்போதுதான் சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்க்கிற ஆசையில்தான் நானும் இத்தனை வருஷமாக இந்த மேசையை விட்டு எழும்பாமல் இருக்கிறேன்.

என் ஊர் வங்காலை, மன்னாருக்குப் பக்கத்தில் கத்தோலிக்கர் வாழும் கடற்கரை ஊர். சண்டை முடிந்து ஊர் திரும்பிய பிறகு, மன்னாரில் ஆறு மாதம் போன் திருத்தப் படித்தேன். வகுப்பில் பதினெட்டுப் பெடியள், நான் ஒருத்தி. படிப்பு முடிந்ததும் சிலாவத்துறையில் கடை போட்டேன். இருபது வருஷம் புத்தளத்தில் அகதியாக இருந்த முஸ்லிம் சனம் அப்போதுதான் அங்கே திரும்பி வந்து, காடு வெட்டிக் கொட்டில் போட்டுக்கொண்டிருந்தது. “வங்காலைப் பிள்ளை இங்க வந்து கடை போடுறாவோ?” என்று எட்டிப் பார்த்தவர்கள்தான் பிறகு எனக்குக் கதிரையும் மேசையும் கொண்டுவந்து தந்தார்கள். நீங்களும் ஒரு தரமாவது போனைத் தண்ணீரில் போட்டுவிட்டு நெஞ்சில் கை வைத்தவராகத்தான் இருப்பீர்கள். ஆகவே இனி நான் சொல்லப்போவதற்கு அதிக விளக்கம் தேவைப்படாது.

சார்ஜுக்கு வந்த போன்கள்

அந்த நாட்களில் ஊருக்குள் கரண்ட் இல்லை. என் கடைக் கூரையில் ஒரு சூரியத் தகடு இருந்தது. காலையில் சனம் போனைத் தந்துவிட்டுக் காடு வெட்டப் போய்விடும், பின்னேரம் வந்து எடுக்கும். மேசை முழுக்கப் பேர் எழுதி ஒட்டிய போன்கள், பாயில் காயப் போட்ட மீன் மாதிரிக் கிடக்கும். மற்றவர்களுக்கு வரும் அழைப்பை எடுப்பதில்லை என்பது என் சட்டம்.

ஒரு நாள் ரஹீமா உம்மாவின் போன் அடித்தது. விட்டேன். மறுபடி அடித்தது. பதினோராவது தரம் அடித்தபோது பொறுக்க முடியாமல் எடுத்தேன். சவூதியிலிருந்து மகன். என் குரலைக் கேட்டதும் பயந்துவிட்டான். “உம்மாவுக்கு என்ன? நீங்க யார்? ரெண்டு நாளா உம்மா போன் எடுக்கேல்லை” என்று அழத் தொடங்கிவிட்டான். சார்ஜ் இல்லாமல் போன் செத்துக் கிடந்தது என்று சொன்னேன், நம்பவில்லை. “காலையில உம்மா இங்கை வந்தவ. நீலச் சீலை, கையில கத்தி. காடு வெட்டப் போறா. எனக்கு ஒரு மாம்பழமும் தந்தவ” என்றேன். மாம்பழம் என்றதும்தான் அவனுக்கு மூச்சு வந்தது. “அப்ப அது உம்மாதான்” என்றான்.

பின்னேரம் உம்மா வந்தபோது நடந்ததைச் சொல்லி, சட்டத்தை மீறியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னா: “இனியும் எடுங்க மகள். உம்மா சாப்பிட்டுட்டா எண்டு சொல்லுங்க. நான் சாப்பிட்டனோ இல்லையோ, அப்பிடியே சொல்லுங்க.”

அரிசிக்குள் வந்த போன்

எங்கள் ஊர் அந்தோனி அண்ணை கடலுக்குப் போகிறவர். ஒரு நாள் ஒரு சட்டி நிறைய அரிசியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே போன். உப்புத் தண்ணீர் குடித்த போனை அரிசிக்குள் வைத்தால் சரியாகிவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டிருக்கிறார். அரிசி நனைந்ததுதான் மிச்சம்.

என்ன நடந்தது என்று கேட்டேன். வாடைக்காற்றுக் காலம், விடியக் கடலுக்குப் போனபோது எஞ்சின் நின்றுவிட்டது. அவரும் மச்சானும் மட்டும்தான். காற்று படகை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்று இருவருக்கும் தெரியவில்லை. எஞ்சினைக் கழற்றிப் பூட்டுவதிலேயே கவனமாக இருந்தபோது சட்டைப் பையில் போன் ‘கிணிங்’ என்றது. இந்தியாவுக்கு உங்களை வரவேற்கிறோம் என்று ஒரு செய்தி. இரண்டு பேரும் உடனே எஞ்சினை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்தார்கள். மதியம் வரை மாறி மாறித் தண்டு வலித்து, எங்கள் பக்கத்து டவர் ஒரு கோடு காட்டியபோதுதான் தம்பிக்குப் பேசினார். இடம் சொல்லி முடிக்கவும் ஒரு அலை வந்து போனை நனைக்கவும் சரியாக இருந்தது. தம்பி வேறு படகோடு போய்க் கட்டி இழுத்து வந்தான்.

போனைக் கழற்றி, உப்பைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுக் கழுவி மூன்று நாளில் உயிர் கொடுத்தேன். புதுப் போன் ஒன்று வாங்கலாமே அண்ணை என்று கேட்டதற்கு அவர் அதை நெற்றியில் வைத்துச் சிலுவை போட்டுக்கொண்டு சொன்னார்: “கடலிலை கோடு ஒண்டும் கீறி இல்லைத் தங்கச்சி. நீ இப்ப வேற ஆரின்ரையோ வீட்டு முத்தத்திலை நிக்கிறாய் எண்டு எனக்குச் சொன்னது இதுதான்.”

போன் இல்லாத மனிதர்

எங்கள் வீட்டுக்கு இரண்டு வளவு தள்ளி இருப்பவர் பிலிப் அண்ணை. வயல் செய்கிறார். போன் வைத்துக்கொள்ள மாட்டேன் என்பது அவருடைய கொள்கை. கொள்கையோடு வாழ்கிறவர்களுக்குப் பக்கத்தில் குடியிருந்து பார்த்தவர்களுக்குத்தான் என் பாடு விளங்கும். கனடாவில் இருக்கும் மகள், உரக் கந்தோர், மாட்டு வைத்தியர், உழவு மெஷின்காரன், எல்லாருக்கும் அவர் கொடுத்திருப்பது என் நம்பர்.

ஒரு நாள் நான் சிலாவத்துறையில் கடையில் இருக்கும்போது, அவருடைய பக்கத்து வயல்காரர் போனில் பேசினார். வாய்க்காலில் இன்றைக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், பிலிப் அண்ணையின் வரம்பு உடைந்து கிடக்கிறது, உடனே வராவிட்டால் விதைத்தது முழுக்க அள்ளுப்பட்டுப் போகும் என்றார். நான் கடைக்கு முன்னால் நின்ற மன்னார் பஸ்ஸின் கொண்டக்டரிடம் ஓடிச் சொன்னேன். அவர் வங்காலைச் சந்தியில் இறங்கி, தேத்தண்ணீர்க் கடையில் இருந்த பிலிப் அண்ணையைப் பேர் சொல்லிக் கத்திக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணை மண்வெட்டியோடு ஓடிப் போய் வரம்பைக் கட்டிவிட்டார், வயல் தப்பியது.

இனியும் என்னால் முடியாது என்று நத்தார்ப் பண்டிகைக்கு ஒரு போனைப் பொதி செய்து பரிசாகக் கொடுத்தேன். மூன்றாம் நாள் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. “இது சும்மா கத்திக்கொண்டிருக்குப் பிள்ளை. போன் இல்லாமல் மனுசன் வடிவா வாழலாம். பக்கத்திலை உங்களை மாதிரி ஒரு ஆள் இருந்தாச் சரி.”

ராத்தா காட்டிய வீடு

ஹனீபா நானா புத்தளத்திலிருந்து தனியாக வந்து இறங்கினார். பிறந்து வளர்ந்த வளவைத் துப்புரவாக்க வேண்டும், ஆனால் அடையாளம் தெரியவில்லை. எல்லாம் ஆள் உயரப் பற்றை. ஊரை விட்டுப் போகும்போது அவருக்கு ஒன்பது வயது. எல்லாம் தெரிந்தவ அவருடைய அக்கா, மூத்த ராத்தா. அவவுக்குக் கால் ஏலாது, புத்தளத்தில் கட்டிலில் இருக்கிறா. உடைந்த டிஸ்பிளேயைத் திருத்த வந்தவர் என்னிடம் இதைச் சொல்லிக் கவலைப்பட்டார். முகம் பார்த்துக் கதைக்கலாமே நானா, ராத்தாவுக்கு இடத்தைக் காட்டலாமே என்றேன். அப்படி ஒன்று அந்தப் போனில் இருப்பதே அவருக்குத் தெரியாது. டிஸ்பிளேயை மாற்றிக் கொடுத்து, கடையைப் பூட்டிவிட்டு நானும் போனேன். அவர் கையில் கத்தி, என் கையில் போன்.

“கிணத்தைக் காட்டுங்க” என்றா ராத்தா. கிணறு கிடந்தது, பாதி தூர்ந்துபோய். “அதுக்கு முதுகைக் காட்டி நில்லு. இப்ப நேரா நட. ஒரு வேம்பு இருக்கா?” வேம்பு இல்லை, ஆனால் வெட்டிய அடிமரம் இருந்தது. நான் போனைக் குனிந்து காட்டினேன். “வேம்பை வெட்டிட்டாங்களோ” என்றா. பிறகு, “சரி, அதிலயிருந்து இடப்பக்கம் வா” என்றா. நானா பற்றையை வெட்டிக்கொண்டே போனார். இருபது அடி போனதும் கத்தி ‘டங்’ என்று எதிலோ பட்டது. மண்ணைக் கையால் விலக்கினார். சிவப்புச் சீமெந்துத் தரை, இன்னும் பளபளப்பாக இருந்தது.

நானா அப்படியே நின்றுவிட்டார். நான் தரையைப் போனில் காட்டினேன். போனுக்குள் இருந்து ராத்தா அதட்டினா: “தம்பி, செருப்பைக் கழட்டு. நீ இப்ப அடுப்படிக்குள்ள நிக்கிறாய்.”

ஒரு நம்பர்

தவமணி அம்மா மடுப் பக்கத்தில் ஒரு வயல் கிராமத்தைச் சேர்ந்தவர். மகன் நிமலன் சண்டையின் கடைசி நாட்களில் பிரிந்துபோனவன். அகதி முகாமில் இருந்தபோது அம்மா ஒரு சிறிய போன் வாங்கினார். மகனை இராணுவத்தின் தடுப்பு முகாமில் கண்டதாகச் சொன்ன ஒருவரிடம், அந்த நம்பரை ஒரு கடதாசித் துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டார். துண்டு அவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு அவர் போனை மாற்றியிருக்கிறார், ஊரை மாற்றியிருக்கிறார், நம்பரை மட்டும் மாற்றவில்லை.

காலில் சத்திரசிகிச்சை செய்து பல மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததில் ரீலோட் போட ஆளில்லாமல் சிம் செத்துவிட்டது. யாரோ சொல்லி, ஊன்றுகோலோடு இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வந்தார். “வேற சிம் எடுப்பம் அம்மா” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. துண்டுக் கதையை முதலிலிருந்து கடைசிவரை மெதுவாகச் சொன்னார். எனக்கு என் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் அவரைக் சிம் கம்பனிக் கந்தோருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மேசையில் இருந்தவர் ஒரு சிங்களப் பெடியன், தமிழ் அரைகுறை. விதிப்படி செத்த நம்பர் திரும்பாது என்றார். நான் எனக்குத் தெரிந்த சிங்களத்தில் துண்டுக் கதையைச் சொன்னேன். அவர் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டரைத் தட்டினார். நம்பர் இன்னும் வேறு ஒருவருக்கும் போகவில்லை. எங்கேயோ பேசினார், காத்திருந்தார், மறுபடி பேசினார். இரண்டு மணித்தியாலம் கழித்து ஒரு படிவத்தை எடுத்துத் தானே நிரப்பத் தொடங்கினார். காரணம் என்று இருந்த இடத்தில் சிங்களத்தில் ஒரு வரி எழுதினார். என்ன எழுதினீர்கள் என்று கேட்டேன். அம்மாவுக்கும் விளங்க வேண்டும் என்று சொல்லைத் தேடித் தேடித் தமிழிலேயே சொன்னார்: “மகன்... அம்மாவுக்குப் போன் பண்ணும். அதுதான் எழுதினது.”

நான் போன் எடுக்காத கிழமை

கடைசியாக என் கதை. எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஐந்து நாள், வீட்டில் ஐந்து நாள். என் போன் எங்கே கிடந்தது என்று எனக்கே தெரியாது. கடை பூட்டு. மற்றவர்களின் போனுக்கெல்லாம் உயிர் கொடுத்தவளின் போன் அலுமாரிக்கு அடியில் சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கிறது.

ஏழாம் நாள் வாசலில் ஒரு வான் வந்து நின்றது. சிலாவத்துறையிலிருந்து எட்டுப் பேர். ரஹீமா உம்மா ஒரு பெரிய சட்டியில் கஞ்சி கொண்டுவந்திருந்தா. ஹனீபா நானா இளநீர்க் குலையோடு இறங்கினார். எனக்கு எழும்பி இருக்கக்கூடப் பலம் இல்லை. உம்மா கட்டில் ஓரத்தில் இருந்துகொண்டு என் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டா. கடை எப்போது திறக்கும் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. போன் வேலை செய்யவில்லை, மன்னியுங்கோ, வீணாக அலைய வைத்துவிட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, காய்ச்சல் காரணம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

உம்மா கஞ்சியை ஆற்றி ஊட்டிக்கொண்டே சொன்னா: “நீங்க போனை எடுத்திருந்தா, சுகமா இருக்கிறீங்களோ எண்டு கேட்டுட்டு வெச்சிருப்பம் மகள். எடுக்காததாலதானே வந்தம்.”

கைபேசி இல்லாமல் இன்றைக்கு வாழ முடியுமா என்று எங்கள் பங்குக் கோயில் இளைஞர்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு விவாதம் வைக்கிறார்கள், நடுவராக வரச் சொல்லி என்னை இதுவரை ஏழு தரம் போனில் கூப்பிட்டுவிட்டார்கள்.