உறை பிடிக்காத பால்

கிண்ணியாவில் எருமைத் தயிர் வாங்குகிறவர்கள் விலை கேட்பதற்கு முன், "உறை போட்டது ஆர்ர கை?" என்றுதான் கேட்பார்கள். ஜெஸீமாவின் கை என்றால் மறுபேச்சில்லை. தலாக்காகித் தாய் வீட்டுக்குத் திரும்பியவளுக்கு அந்தக் கை ஒன்றுதான் மரியாதை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு மாரியில் அதற்கும் கேடு வந்தது. விடிந்தும் பால் பாலாகவே கிடந்தது. மறுநாளும் அப்படியே.

"கையில அல்லாஹ்ட பறக்கத்து இல்லாமப் போச்சு," என்றார் அவளுடைய தாய் ஆமினா உம்மா. "வாழாம வந்தவள்ர கை எத்தின நாளைக்கு நிக்கும்?"

தம்பி ஜெமீல் சட்டி மூடிய பலகையை எடுத்து மோந்து பார்த்தான். விஞ்ஞானப் பட்டம் வாங்கியும் வேலை கிடைக்காமல் வீட்டோடு இருப்பவன் அவன். சும்மா தின்கிறான் என்ற பேச்சுக்குப் பயந்து, சில நாட்களுக்கு முன் மரம் விற்கும் மரவாடியில், கறையான் அரிக்காமலிருக்கப் பூசும் கறையான் எண்ணெய் வாங்கிச் சட்டி மூடும் பலகைகளுக்குப் பூசியிருந்தான். பாலின் ஆவி பலகையில் வியர்த்துச் சட்டிக்குள் சொட்டியிருக்கும்.

அந்த எண்ணெயைப் பற்றி அவன் படித்திருந்தான். பாலை உறையவைக்கும் பற்றீரியா, புரோத்தன் என்னும் நுண்ணிய மின்துகள்களைத் தன் சுவருக்கு வெளியே தள்ளிக் குவிக்கும். அவை திரும்ப உள்ளே வர முண்டும். சீனிக்கான வாசலால் நுழையும் புரோத்தன், பாலிலுள்ள சீனியையும் கூட்டிக்கொண்டுதான் வரவேண்டும். எண்ணெய் பட்டால் சுவரெல்லாம் ஒழுக்கு. புரோத்தன் வெறுங்கையோடு உள்ளே வந்துவிடும். சுற்றிலும் பால் இருக்க, பற்றீரியா பட்டினி கிடக்கும்; பால் புளிக்காது, உறையாது.

ஆனாலும் அவன் வாய் திறக்கவில்லை. சொன்னது பிழையாகிப்போனால் படிப்பும் சிரிப்பாகிவிடுமே! ராத்தா ஜெஸீமா உறை போட்ட ஒரு புதுச் சட்டியை மட்டும் வாழையிலையால் மூடி வைத்தான். அது கட்டியாக உறைந்தது. பிறகுதான் சொன்னான்.

உம்மா சட்டியைச் சரித்துப் பார்த்தார்.

"சரி மகன், பலகைதான். நான் நம்புறன். தோணித்துறையில நிக்கிற சனத்துக்கு ஒன்ட புரோத்தனை ஆரு சொல்ற? கதை நேத்தே அக்கரைக்குப் போயிட்டுது."

உறை போடும் அகப்பை வீட்டின் மூத்த மருமகள் பரீதாவிடம் போயிற்று. மூதூரில் மாமி முறையான ஒருத்தியின் வீட்டுக் குசினியில் சமைக்க ஆள் வேண்டும் என்றார்கள். ஜெஸீமா துணிகளைப் பொட்டணியாகக் கட்டினாள்.

"ராத்தா, உங்கட கையில பிழையில்ல. காட்டிட்டன்தானே."

"ஓம் தம்பி. உம்மா ஏசின அண்டைக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும். ஆனா உறுதியா..."

"உனக்கு உறுதி வேணும். எனக்கு அண்டைக்கே ஒரு சொல்லு வேணுமா இருந்திச்சு."

அவன் பொட்டணியைத் தூக்கக் குனிந்தான். அவள் கொடுக்கவில்லை.