தும்மலுக்கும் தழும்புக்கும் ஒரே புரதம்

நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எனக்குக் கோழித் தூசி ஆகாது. கல்யாணமான புதிதில் கொட்டகைக்குள் கால் வைத்ததும் தும்மத் தொடங்கினேன். கூண்டிலிருந்த கோழிகள் மிரண்டு கத்தின.

“கோழி பயந்தா முட்டை கொறையும் புள்ள. வெளிய நில்லு,” என்றார் கணவர்.

மாமியார் நம்பவில்லை. “வேல செய்ய வலிச்சா மூக்குமா சேர்ந்து நடிக்கும்?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. தினமும் போய் முட்டை பொறுக்கினேன். ஒரு காலையில் முட்டை அட்டையோடு வரும்போது பெரிதாக ஒரு தும்மல். கால் வழுக்கிக் கூண்டின்மேல் சாய்ந்தேன். கம்பி முழங்கையைக் கிழித்தது. முட்டைகள் அத்தனையும் என் சேலையில்.

தையல் போட்ட காயம் ஆறிக்கொண்டே வந்தது. ஆனால் அரிப்பு தாங்கவில்லை, உடம்பெல்லாம் தடிப்பு வேறு. சேலம் சூரமங்கலத்தில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் கணவர் கூட்டிப்போனார்.

“நரம்ப வளக்கற புரதம் ஒண்ணு நம்ம உடம்புல இருக்கு,” என்றார் டாக்டர். “அலர்ஜிக்காரங்களுக்கு அது கூடுதலா சுரந்து நரம்பச் சீண்டி விடும். தும்மலும் அரிப்பும் அதனாலயும் கூடும்.”

“அப்ப அத நிறுத்த ஒரு மாத்திரை குடுத்துருங்க,” என்றார் கணவர்.

“காயம் ஆறறதுக்கும் அதே புரதம்தாங்க ஒத்தாசை பண்ணுது. நிறுத்திட்டா எப்படி?” என்று சிரித்த டாக்டர், அரிப்புக்கு மட்டும் மருந்து எழுதினார். “இன்னொண்ணு கேளுங்க. அந்தப் புரதத்த ஆராய்ச்சில கண்டுபிடிக்க உதவுனதே முட்டைக்குள்ள இருக்கற கோழிக் கருதான்.”

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாமக்கல் முட்டைங்களா?”

“வெளிநாட்டு முட்டைங்க.”

அவர் முகம் வாடியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் மாமியாரிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். அவர் தாடையில் கைவைத்துக் கேட்டார்.

“சண்டையும் இழுத்து உட்டுப்போட்டு, அப்பறம் சமாதானத்துக்கும் அதே வருதா? உங்க மாமனாராட்டவே இருக்குது!”

உள் அறையில் மாமனார் செருமினார்.

மறுநாள் மாமியாரே முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பினார். போகிறபோது தன் செல்போனை என் கையில் திணித்தார்.

“முட்டை ஏவாரிங்க கூப்புடுவாங்க சாமி. நீயே வெல பேசு. கொறச்சுக் கேட்டா மட்டும் நல்லாச் சத்தமாத் தும்மு.”