கிணற்றடியில் இறங்கிய விண்கலம்

போன தை மாதம், பொங்கல் விடுமுறையில், கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் நடந்தது இது.

நான் திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். விண்கலம் போலத் தெரிகிற கட்டடங்களைப் படம் எடுப்பது என் பொழுதுபோக்கு. ஆரோவில்லின் தங்கக் கோளத்தைப் பார்த்த அன்று தொற்றிக்கொண்ட பைத்தியம். அதன்பிறகு தண்ணீர்த் தொட்டி, கல்யாண மண்டபத்துக் கூரை, அரிசி ஆலையின் தகரக் கூம்பு என்று எதையும் விடுவதில்லை. வீட்டில் கேலி செய்வார்கள். நான் கண்டுகொள்வதில்லை.

அன்று பேருந்தில் போகும்போது, வயல்களுக்கு நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி கண்ணில் பட்டது. தட்டையான வட்டத் தொட்டி, அகல விரித்த மூன்று கால்கள், நடுவில் ஏணி. அப்போதுதான் வந்து இறங்கியது போல நின்றது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வரப்பு வழியாக நடந்தேன்.

மின்கம்பி குறுக்கே வராமல் முழுத் தொட்டியும் படத்தில் வர வேண்டும். கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நகர்ந்தேன். மல்லாட்டைக் கொல்லையில், நிலக்கடலைச் செடிகளுக்கு நடுவே களையெடுத்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் என்னைப் பார்த்துக் கத்தினார். படம் எடுக்கக் கூடாது என்று விரட்டுகிறார் போல என நினைத்து, ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் ஓரடி பின்னால் வைத்தேன்.

காலுக்குக் கீழே தரை இல்லை. கைப்பிடிச் சுவரே இல்லாத கிணறு. மழைக்காலம் முடிந்து பாதிக்கு மேல் தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது. மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏற, இரண்டாவது முறை உள்ளே போனபோது வீட்டு ஞாபகம் வந்தது. யாரோ என் பின்னலைப் பிடித்து இழுத்தார்கள். கத்திய அதே பெண். புடவையோடு குதித்திருக்கிறார். நான் பயத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன்.

"கழுத்த வுடும்மா. என்னக் கட்டிக்கினா ரெண்டு பேரும் போய்டுவோம். இந்தா, பைப்பப் புடி. நான் இருக்கறேன், பயப்படாத."

அந்தக் குரலில் பதற்றமே இல்லை. மோட்டார் குழாயை என் கையில் பிடிக்க வைத்து, மற்ற பெண்கள் மேலிருந்து கயிறு விடும்வரை என்னை இடுப்போடு தாங்கிக்கொண்டிருந்தார். பிறகு கல்படியில் ஒவ்வொரு படியாக ஏற்றிவிட்டார். கேமரா கிணற்றோடு போயிற்று.

மேலே வந்து நான் இருமி ஓய்ந்த பிறகுதான், "எந்த ஊரும்மா நீ? பின்னாலயே போய்க்கினு இருந்தியே, அப்படி என்னாதான் பாத்த?" என்று கேட்டார். வெட்கத்தோடு தொட்டியைக் காட்டி, விண்கலம் போல இருக்கிறது என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார்.

"ஆமா, காலை ஊனிக்கினு எறங்கின மாதிரிதான் கீது. தெனம் அந்தத் தண்ணியதான் புடிக்கிறோம், எனக்குத் தோணவே இல்ல பாரு" என்று சிரித்தார். பிறகு வீட்டுக்கு அழைத்துப்போய் தன் புடவை ஒன்றைக் கட்டச் சொல்லி, சூடாகக் கேப்பைக் கூழ் கொடுத்து, பேருந்து ஏற்றிவிட்டுத்தான் கொல்லைக்குத் திரும்பினார்.

அடுத்த ஞாயிறு புடவையைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அவரைப் போனில் ஒரு படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன். "உன் ஆகாசக் கப்பலும் படத்துல சேந்து உழட்டும்" என்று தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

நான் யார், எந்த ஊர் என்று தெரியாமலே குதித்தவர் அவர். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் கரையில் நின்று கத்தியிருப்பேன், அவ்வளவுதான். அது உறுத்திக்கொண்டே இருப்பதால்தான், நாற்பது வயதுக்கு மேல், வாராவாரம் புதுச்சேரிக்குப் போய் நீச்சல் கற்றுக்கொண்டிருக்கிறேன்.