எருக்குழி தோண்டிய போலீஸ்

என் அண்ணனைக் காட்டிக்கொடுத்தவன் எங்கள் வீட்டில் ஒன்றரை வருஷம் சோறு தின்றவன். இன்றைக்கு நினைத்தாலும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

எழுபதுகளின் கடைசி. உடையார்பாளையத்துப் பக்கம் எங்கள் ஊரில் கூலி உயர்வு கேட்டுச் சங்கம் கட்டியிருந்தான் அண்ணன். பண்ணைக்காரர் புகார் கொடுத்துப் போலீஸ் தேட ஆரம்பித்ததும் முந்திரிக்காட்டுக்குள் போய்விட்டான். எந்த மூலையில் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். புல் அறுக்கப் போகிறவளைப் போலக் கஞ்சித் தூக்கோடு போய் வருவேன். நான் காய்ச்சலில் விழுந்த அன்று அவன் வந்தான். பூலாம்பாடிப் பக்கமிருந்து பெண்டாட்டியோடு குடிவந்து, சங்கத்துக்குச் சுவரெழுதிக்கொண்டிருந்தவன்.

"கஞ்சித் தூக்கக் குடு தங்கச்சி, நான் போயிட்டு வரேன்."

வழியை நானேதான் சொன்னேன். மத்தியானத்துக்குள் அண்ணன் கையில் விலங்கு. இவனோ ஒரு கீறல் இல்லாமல் திரும்பி வந்து, "நான் இந்தப் பக்கம் வந்ததும் புடிச்சுட்டானுவம்மா" என்று என் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து அழுதான். அடேயப்பா, என்ன அழுகை!

என்னைத் தவிர அந்த இடம் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். ஆனால் ஊரில் யார் நம்புவார்கள்? அண்ணனுக்கு அடுத்தபடி சங்கத்தில் அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு. காய்ச்சல் விட்டதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"அண்ணே, துப்பாக்கிய எல்லாம் பண்ணைக்காரர் எருக்குழியிலதான் பொதச்சு வச்சிருக்கு. அங்க எவன் தேடுவான்? ஒங்களத் தவிர யாருகிட்டயும் சொல்லல."

துப்பாக்கியாவது மண்ணாங்கட்டியாவது! எங்களிடம் இருந்தது நோட்டீஸ் ஒட்டும் பசை வாளி ஒன்றுதான்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. புகார் கொடுத்த பண்ணைக்காரரின் கொல்லையிலேயே, வயலுக்கு அடிக்க வைத்திருந்த ஒரு வருஷத்து எருவைப் போலீஸ்காரர்கள் அடிமண் வரை வாரிப் போட்டார்கள். முழங்கால் வரை சாணி. ஊரே வேலைக்குப் போகாமல் நின்று வேடிக்கை பார்த்தது. உடைந்த கலப்பைக் கொழு ஒன்று கிடைத்தது. பண்ணைக்காரர் குதித்த குதியில் இன்ஸ்பெக்டருக்குக் கண்மண் தெரியவில்லை. கூட்டத்தில் நின்ற அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து, "நீதானடா சொன்ன?" என்று விட்டார் ஒரு அறை. குழிக்குள் விழுந்தவன் நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தான். நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

பண்ணைக்காரர்கள் எங்களுக்குப் போடும் ஊர்க்கட்டுப்பாட்டை அன்று நாங்கள் அவனுக்குப் போட்டோம். தண்ணீர் கிடையாது, நெருப்பு கிடையாது, பேச்சு கிடையாது. அவன் பெண்டாட்டி கைப்பிள்ளையோடு கிணற்றுக்கு வந்தபோது வாளியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவள் நான்தான். நாலாம் நாள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டுப் போனார்கள்.

எட்டு மாதம் கழித்து அண்ணன் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பச்சப்புள்ள ஒன்ன என்னாடி பண்ணுச்சு?" என்றான்.

அந்தப் பிள்ளையை நினைத்தால் இப்போதும் உறுத்தும். அவனை நினைத்தால் உறுத்தாது. இன்னும் நாலு அறை விழுந்திருக்கலாம். வழியைச் சொன்ன என் வாயைத்தான் என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.