சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்த வகுப்பு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் என் வெல்டிங் பட்டறைக்கு எதிராகக் கடை போட்டவர்கள் எத்தனையோ பேர். எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்கள், நான் நின்றேன். மூணாங்கிளாஸோடு படிப்பை விட்டவன். எழுதப் படிக்கப் பட்டறையில்தான் நானாகக் கற்றுக்கொண்டேன். அப்படிப்பட்டவன் வீட்டுக்கு மருமகளாக ஒரு டீச்சரே வந்தாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டறையைப் பிள்ளைகளிடம் விட்ட பிறகு அவளால் எனக்கு ஒரு புது வேலை கிடைத்தது. செல்போன் பிடிக்கிற வேலை.

அவள் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறாள். பிள்ளைகளை இன்னும் நன்றாக வாசிக்க வைக்க வழி தேடி ஓர் ஆராய்ச்சி நடந்தது. அதில் சேர்ந்த டீச்சருக்கெல்லாம் ஒரு கோச், கபடி டீமுக்கு இருப்பதுபோல. எங்கள் பக்கத்துக்கு மணவாள நகரிலிருந்து பஸ் மாறி மாறி ஒரு பெண் வந்தாள். அதிகாரி இல்லை, குறிப்பு எழுதி மேலே அனுப்புகிறவளும் இல்லை. கூட உட்கார்ந்து பேசுவாள், அவ்வளவுதான். அவள் வராத வாரம் பாடத்தை வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும்.

"மாமா, நீங்க வந்து புடிக்கிறீங்களா?" என்றாள் மருமகள்.

வெல்டிங் ராடு பிடித்த கை, ஆடுமா? கரும்பலகை ஓரமாக நின்று பிள்ளைகள் முகம் தெரிகிற மாதிரி எடுத்தேன். இவ்வளவு தெளிவாக வேறு எந்தப் பள்ளியிலிருந்தும் வரவில்லை என்று அந்தக் கோச் பெண்ணே சொன்னாள்.

முதல் நாள் அங்கே நின்றபோதே எனக்கு என் பழைய பள்ளிக்கூடம் ஞாபகம் வந்துவிட்டது. மருமகள் புத்தகத்தைப் பார்த்து, "காட்டுக்குள்ள யானை வந்..." என்று நிறுத்துவாள். "...தது" என்று வகுப்பே சேர்ந்து முடிக்கும். பொன்னேரிப் பக்கம் நான் படித்த பள்ளியிலும் இதே ராகம்தான். வாத்தியார் பாதி, நாங்கள் மீதி. ரயில்வே கேட்டில் நிற்கிறவர்களுக்கே கேட்கும். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்திருக்கிற சுகம் இருக்கிறதே, மழை நாளில் கம்பளிக்குள் சுருண்டு படுத்த மாதிரி. இப்போது நினைத்தாலும் மதியச் சாப்பாட்டுக்குக் கோதுமை ரவை வேகிற வாசனை மூக்கில் ஏறுகிறது. பிற்பாடு எத்தனையோ சம்பாதித்தேன். அந்தச் சுகம் திரும்பக் கிடைத்தது இந்த வகுப்பில்தான்.

கோச் பெண் அதில்தான் கை வைத்தாள். "டீச்சர், சேர்ந்து சொல்றத கொஞ்ச நாள் நிறுத்திட்டு ஒவ்வொருத்தரா படிக்கச் சொல்லிப் பாருங்களேன்."

மருமகள் வீட்டுக்கு வந்து புலம்பினாள். "சத்தம் இல்லன்னா டீச்சர் லீவான்னு எச்.எம். எட்டிப் பாப்பாரு. ரோட்டுல போறவங்க எல்லாம் என் கிளாஸ் சத்தத்தக் கேட்டுத்தான் புள்ளைங்கள சேத்தாங்க. எனக்கு இந்த ஆராய்ச்சி வாணாம் மாமா. சனிக்கெழம அந்தப் பொண்ணு வீட்டுக்கு வரும்போது சொல்லிடப் போறேன்."

"சொல்லிடும்மா. எதுக்கு இந்தப் பேஜாரு?" என்றேன். எனக்கும் அந்தச் சத்தம் நிற்கக் கூடாது.

சனிக்கிழமை டீ குடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்ட அந்தப் பெண், வாதாடவில்லை. "சரிங்க டீச்சர். விடறதுக்கு முன்னாடி ஒரு தடவ மட்டும் பாத்துடலாம்" என்று நான் எடுத்த வீடியோவை எங்கள் டிவியில் போட்டாள். சத்தத்தை முழுக்க அணைத்தாள்.

வெறும் முகங்கள். முன்வரிசையில் கண்ணெல்லாம் புத்தகத்தில் இருந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு சின்னப் பெண். ஆந்திராவிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம், வீட்டில் தெலுங்கு. அவள் கண் புத்தகத்தில் இல்லை, பக்கத்துப் பிள்ளையின் வாயில் இருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாத்தியாம்மா, இன்னா கெட்டிக்காரி. நானும் இப்டித்தான். பக்கத்துல இருக்கறவன் வாயப் பாத்துக்கினே அசைக்கணும். ஆரம்பிக்கும்போது கொஞ்சம் லேட்டானா பரவால்ல, நிறுத்தும்போது மட்டும் கூடவே நிறுத்தணும். ஒரு வாத்தியார் கண்டுபுடிக்கல என்னை."

மருமகள் திரும்பிப் பார்த்தாள். "மூணு வருஷமுமா மாமா?"

"பின்ன? ஒரு எழுத்து தெரியாது. முழுப் பாடமும் ஒப்பிப்பேன்."

மருமகள் பக்கம் பேசுவதாகத்தான் நினைத்துச் சொன்னேன். அவள் ரிமோட்டை எடுத்து வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்தத் தடவை மற்ற வரிசைகளையும் பார்த்தாள். டீ ஆடை கட்டிவிட்டது. முடிந்ததும் அந்தப் பெண்ணிடம், "திங்கக்கெழம வர முடியுமா உங்களால?" என்று கேட்டாள். விடப்போகிறேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஃபேன் ஓடுகிற சத்தம் கேட்டது. அவள் சொன்னபடியே எச்.எம். வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கோச் பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு பிள்ளையாகப் படிக்கச் சொல்லிக்கொண்டே மூன்றாவது வரிசைக்கு வந்தாள் மருமகள். தெலுங்குப் பிள்ளை எழுந்து பக்கத்தில் பார்த்தது. பக்கத்துப் பிள்ளை வாயை மூடிக்கொண்டிருந்தது. மருமகள் பாதி வார்த்தைகூட எடுத்துக் கொடுக்கவில்லை. எனக்கோ முழு வார்த்தையும் நாக்கு நுனியில் நிற்கிறது.

"தெரியாது டீச்சர்" என்றது பிள்ளை.

நான் படித்த காலம் முழுக்க அந்த வார்த்தையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. தனியாகக் கேட்டால்தானே சொல்வதற்கு.

மருமகள் திட்டவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "சரி கண்ணு, எதுலருந்து தெரியல, காட்டு" என்றாள்.

பிள்ளை விரலைக் கொண்டுபோய் முதல் எழுத்திலேயே வைத்தது.